வாயிலிருந்து எடுத்த குண்டூசி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாப்பிள்ளையும் உன் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறோம், கடையில் தையல் மெஷின்களும் மக்கர் பண்ணாமல் ஓடுகின்றன, என் முழங்கால் மட்டும் குனிந்து நிமிரும்போது முனகுகிறது, வயதாவது அதற்குத்தான் எனக்கில்லை. அங்கே நீயும் உன் கப்பலும் அந்த இஞ்சினும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுவே எங்கள் எல்லோருடைய நினைப்பும். இந்தக் கடிதம் கம்பெனி ஏஜென்ட் வழியாக அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வரும் என்று ஆபீசில் சொன்னார்கள். நீ கரையைப் பார்த்ததும் போன் போடுவதற்கு முன்னால் இது வந்துவிட வேண்டுமே என்பதுதான் என் கவலை. எதைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதனால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளை பேசிவிட்டான். முணுமுணுப்பு இல்லை, மழலைச் சத்தமும் இல்லை, கடையே கேட்கிற மாதிரி, ஆள் பார்த்து, அதிகாரமாகப் பேசினான். யாரிடம் பேசினான், என்ன பேசினான் என்பதை மட்டும் வரிசைப்படிதான் சொல்வேன், அளவு எடுக்காமல் துணியை வெட்டச் சொல்லாதே, பொறுமையாகப் படித்துக்கொண்டு வா.

போன தடவை போனில் நீ அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது அம்மாடி. அப்பா, அடுத்த துறைமுகத்துல நான் இறங்கிடறேன், பரீட்சையும் வேண்டாம் சீஃப் இஞ்சினியரும் வேண்டாம், ரெண்டு வயசு தாண்டியும் என் பிள்ளை ஒரு வார்த்தை பேசல, நான் இங்க இஞ்சினைப் பேச வச்சு என்ன பிரயோஜனம் என்று கேட்டாய். இந்தப் பயணத்தை முழுசாக முடித்தால்தான் உன்னை அந்தப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நீ எத்தனை வருஷம் எண்ணெய்க் கறையோடு நின்று அதுவரை வந்தாய் என்பதும் தெரியும். கொஞ்ச நாள் பொறு, இறங்குவதாகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நீயும் சரி என்றாய், ஆனால் அந்தச் சரியில் உயிரே இல்லை. அந்த வாரம்தான் மாப்பிள்ளையின் அக்கா வந்திருந்தாள். அம்மா தண்ணியில, அப்பா கரண்ட் கம்பத்துல, பிள்ளைக்குப் பேச்சு எங்கேயிருந்து வரும் என்று சொல்லிவிட்டு, இவனே ஒரு ஊமை மாதிரிதானே என்று தன் தம்பியையே ஒரு இடி இடித்தாள். மாப்பிள்ளை ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் அம்மாவா சும்மா இருப்பாள், பேச்சென்ன கடையில விக்குதா வாங்கிட்டு வர, வரும்போது வரும் என்று வெட்டினாள். வெட்டிவிட்டு உள்ளே போய் ஒரு வெட்டுத்துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிள்ளைக்குச் சத்தமே இல்லை என்று நீ நினைத்துவிடாதே. அவனிடம் ஒரு முழு பாஷையே இருந்தது, எல்லாம் உதட்டை மூடிக்கொண்டு பேசுகிற பாஷை. குட்டையாக ஒரு ம் என்றால் தண்ணீர், இழுத்து ஒரு ம் என்றால் பிஸ்கட், ஏறி இறங்கினால் என்னைத் தூக்கி கட்டிங் டேபிளில் உட்கார வை என்று அர்த்தம், மூக்கால் ஒரு ம்ஹும் என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. நம் கடையில் காஜா எடுக்கிற அக்கா இருக்கிறாளே, அவளுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை, பாபினுக்கு என்ன வேணும்னு எனக்கு அவன் கண்ணைப் பார்த்தாலே தெரியும் என்பாள். பாபின் என்று அவள்தான் பெயர் வைத்தாள், உருண்டையாக மெஷினுக்கு அடியிலேயே கிடக்கிறான் என்று, இப்போது வாடிக்கைக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் ம் என்பதற்குள் டம்ளர் நீளும். பாதி ம் வரும்போதே பிஸ்கட் கையில் இருக்கும். நாங்கள் எல்லோரும் இதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலில் காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். சின்ன அறையில் உட்கார வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சத்தம் விட்டுப் பார்த்தார், இவன் ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பினான், காதுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அதே ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சரிடம் அனுப்பினார். அவர் அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது, குட்டையாக ஒரு மேஜை, சுவரில் பிள்ளைகள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, கூடை நிறைய பொம்மைகள். டீச்சர் வயதில் உன்னைவிடச் சின்னவர், நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டார். வீட்டுல இவன்கிட்ட எல்லாரும் பேசுவீங்களா என்று கேட்டார். பேசாம என்ன மேடம், விடிஞ்சா அடைஞ்சா பேச்சுதான், எங்க கடையில பேச்சுக்குப் பஞ்சமே இல்ல என்று உன் அம்மா பல்லைக் கடித்த மாதிரி ஓரமாக வாயைத் திறந்து சொன்னாள். டீச்சர் ஒரு மர வளையத்தை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்தார். அவன் அதை வாங்கி உதட்டின் ஓரத்தில் சொருகிக்கொண்டான், உதட்டை இறுக்கினான், தலையை ஒரு பக்கம் சாய்த்து அவர் தோளை ஏற இறங்கப் பார்த்து ம்ம் என்றான். டீச்சர் புருவத்தைச் சுருக்கினார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, சார், நீங்க என்ன வேலை பண்றீங்க என்று கேட்டார்.

நான் ம்ம் என்றேன்.

ஒரு கோட்டுக் காலரை அரைகுறையாகப் பொருத்திவிட்டு நேரமாகிவிட்டதென்று அப்படியே கிளம்பி வந்திருந்தேன், வாயில் இரண்டு குண்டூசி இருந்தது எனக்கே தெரியாது! பஸ்ஸில் ஏறி, சீட்டு வாங்கி, காத்திருந்து, டாக்டருக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறேன், அவ்வளவும் ஊசியோடு. டீச்சர் என் வாயைப் பார்த்தார், வளையத்தைக் கவ்விக்கொண்டிருந்த பிள்ளையின் வாயைப் பார்த்தார், மறுபடி என் வாயைப் பார்த்தார். என் லட்சணத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காக உன் அம்மா வாயைத் திறந்தாள், அவள் வாயிலிருந்தும் ஒன்று கீழே விழுந்தது. அவ்வளவுதான், டீச்சருக்கு அடக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். இவன் பேசாம இல்ல சார், உங்க கடை பாஷையை ரொம்ப அழகாப் பேசறான், உதட்டை மூடிக்கிட்டுத்தான் பேசணும்னு நினைச்சிருக்கான், பிள்ளைங்க காதால மட்டும் கத்துக்கறதில்ல, பேசற வாயைப் பார்த்தும் கத்துக்கும் என்றார். வாயைத் திறக்கிற நேரத்தில் மெஷின் சத்தம், மெஷின் நின்ற நேரத்தில் வாயில் ஊசி, இதில் அவன் எங்கே பார்ப்பான், என்னத்தைக் கேட்பான். அதோட இவன் கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் கைக்கு வந்துடுது, அப்புறம் எதுக்கு மெனக்கெட்டுப் பேசணும் என்றும் கேட்டார். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இல்லை, வாரா வாரம் கூட்டி வாருங்கள், மாற்றம் தெரியாவிட்டால் மேற்கொண்டு பார்ப்போம் என்றும் சொன்னார். உன் அம்மா விடாமல், அவன் அம்மா கப்பல்ல இருக்கா மேடம், அதனாலயா என்று கேட்டாள். அவர் உடனே தலையை ஆட்டி, தூரத்துல இருக்கிறவங்களால இல்லம்மா, பக்கத்துல இருக்கிறவங்க வாயைத் திறந்தா போதும் என்றார். இந்த வரியை இன்னொரு தடவை படி கண்ணு. உனக்காகவே எழுதினேன்.

அன்றைக்கே கடையில் சட்டம் போட்டேன். இனிமேல் யார் வாயிலும் குண்டூசி இருக்கக் கூடாது. உன் அம்மா மிச்சக் கோட்டுத் துணியில் பஞ்சை அடைத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற மாதிரி ஆளுக்கொரு ஊசி மெத்தை தைத்துவிட்டாள், எனக்குச் சாம்பல் நிறம், காஜா அக்காவுக்குப் பூப்போட்டது. வாயில் ஊசியோடு பிடிபட்டால் பிள்ளைக்குப் படப் புத்தகத்தை வைத்துக் கதை சொல்ல வேண்டும் என்பது தண்டனை. அதிகம் பிடிபட்டது யார் என்று நீ கேட்கவே வேண்டாம், தன் பேண்டில் வாலுக்குக் காஜா எடுக்கச் சொல்லி அடம்பிடித்த முயலின் கதையை நான் எத்தனை விதமாகச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சட்டம் போட்ட முதல் நாள் வேடிக்கை என்ன தெரியுமா, வாயெல்லாம் காலியாக இருந்தும் ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. பேச்சுக்குப் பஞ்சமே இல்லை என்று ஆஸ்பத்திரியில் அளந்துவிட்டு வந்தவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டீச்சர் சொன்ன வழியைப் பிடித்துக்கொண்டேன், கை செய்யறதை வாய் சொல்லட்டும் என்றிருந்தார். இப்போ தாத்தா சாக்கட்டி எடுக்கறேன், இது வெள்ளை சாக்கட்டி, கோடு போடறேன், நீளமாப் போகுது, கோடு வளையுது, இப்போ கத்தரி, கத்தரி வாயைத் திறக்குது, துணியைத் தின்னுது என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வெட்ட, பேண்ட் வாங்க வந்த தபால்காரர் உன் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, மாஸ்டருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று விசாரித்தார். அவனிடம் பேசும்போது மெஷினை நிறுத்திவிடுவோம், தரையில் உட்கார்ந்து முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்வோம், அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுவோம். முழங்கால் முனகுகிறது என்று ஆரம்பத்தில் எழுதினேனே, காரணம் இப்போது புரிந்திருக்கும்.

பேசுவதுகூடப் பழகிவிட்டது, காத்திருப்பதுதான் வரவில்லை. ஒண்ணு கேட்டா வாயை மூடிக்கிட்டு அவன் முகத்தைப் பாருங்க, நீங்க நினைக்கிறதைவிட ரொம்ப நேரம் பாருங்க என்பது டீச்சரின் கண்டிப்பான உத்தரவு. உன் அம்மாவால் அது ஆகுமா. தண்ணி வேணுமா, வேணும்தானே, இந்தா குடி, குடிச்சியா, குடிச்சாச்சு என்று கேள்வியும் பதிலும் அவளே சொல்லி டம்ளரையும் கழுவி வைத்துவிடுவாள். நீயும் போனில் அதையேதான் செய்கிறாய், நீ அவள் மகள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் ஒன்றும் ஒழுங்கில்லை, இரண்டு மூச்சு விடுவதற்குள் கை தானாக நீண்டுவிடும். எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் யார் தெரியுமா, மாப்பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து நாம் கிண்டல் பண்ணினோமே, வார்த்தைக்கு வார்த்தை மீட்டர் ஓடுகிற மாதிரி பேசுகிறார் என்று, அந்த மனுஷன்தான். கம்பத்தின் உச்சியில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு லைனில் கரண்ட்டை நிறுத்தியாச்சு என்று தகவல் வரும்வரை பேசாமல் காத்திருந்து பழகியவர் இல்லையா. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருவார், ஒரு கையில் சிவப்புப் பட்டன், ஒரு கையில் நீலப் பட்டன், எது என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பார். அப்புறம் அசைய மாட்டார். பிள்ளை ம்ம் என்பான், இவர் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை மூக்கால் உறுமுவான், அப்போதும் அதே முகம். ஒருநாள் நான் ஆச்சரியப்பட்டு எப்படி மாப்பிள்ளை என்று கேட்டதற்கு, பேசத்தான் எனக்கு வராது மாமா, காத்திருக்க வரும் என்றார். அவருடைய அக்கா சொன்ன சொல் அவருக்கு எங்கே தைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இடையில் ஒரு கெட்ட காலமும் வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். தான் ம் என்றால் ஓடி வந்தவர்கள் இப்போது ஓடி வராமல் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறார்களே என்று அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருநாள் காஜா அக்காவின் பட்டன் டப்பாவைத் தூக்கிக் கவிழ்த்தான், கடை முழுக்கப் பட்டன் உருண்டது, அதோடு அந்த ம்ம் சத்தத்தையும் நிறுத்திவிட்டான். கட்டிங் டேபிளுக்கு அடியில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான், எது கேட்டாலும் வெறும் பார்வை. நாள் போகிறது, அசைவில்லை. உன் அம்மா தரையில் பட்டன் பொறுக்கிக்கொண்டே அழுதாள். இருந்த சத்தத்தையும் பிடுங்கிட்டீங்க, அந்த ஒரு ம்ம்-க்காகத்தான் நான் விடியக்காலையில எழுந்திருச்சேன், போதும் உங்க சட்டம், அவ வந்து அவ பிள்ளையைப் பார்த்துக்கட்டும் என்றாள். உன் கம்பெனி ஆபீசுக்குச் சொல்லி உன்னை இறங்கி வரச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை என் கைமேல் கை வைத்தார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் மாமா, அவன் மூஞ்சியைத் திருப்பிக்கல, நம்ம வாயைத்தான் பார்த்துக்கிட்டிருக்கான், நான் பார்த்துக்கிட்டே இருக்கேன் என்றார். நானும் கவனித்தேன், உண்மைதான், டேபிளுக்கு அடியிலிருந்து அவன் கண் எங்கள் உதட்டிலேயே இருந்தது. டீச்சரும் அந்த வாரம் அதையேதான் சொன்னார், சும்மா இருக்கான்னு நினைக்காதீங்க, சேர்த்து வைக்கிறான், நீங்க பேசறதை நிறுத்தாதீங்க என்றார். போனைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அதை வைத்தது என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் ஒன்று, அப்படி அதிகம் இல்லை என்று உன் அம்மா பின்னாலிருந்து சொல்கிறாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம், வழக்கம் போல சிவப்பும் நீலமும், வழக்கம் போல எது, வழக்கம் போல மாப்பிள்ளை சிலையாக உட்கார்ந்திருந்தார். பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான், உதட்டைத் திறந்தான், ச்சப்பு என்றான். நான் இருந்த இடத்திலிருந்து குதித்திருப்பேன், உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மாப்பிள்ளை கத்தவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, தப்பாகச் சொல்கிறாய் என்று திருத்தவும் இல்லை. ஆமா, சிவப்பு, சிவப்புப் பட்டன் என்று நிதானமாகச் சொல்லி அதை அவன் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக் கண்ணாடியையும் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு! அவர் கண்ணை யாரும் பார்க்கக் கூடாதாம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது, நூலு, டேப்பு, கத்தி என்று கத்தரிக்கும் சேர்த்து ஒரு பெயர், காஜா அக்காவுக்கு வெறும் ஜா. கடையில் எல்லோரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதால் எனக்கு மாத்தர் என்று பெயர் விழுந்தது, தாத்தா என்று சொல்லுடா என்று நான் கெஞ்சியும் மாறவில்லை, போகட்டும். ஆனால் இதெல்லாம் எங்களுக்குள் மட்டும்தான், அதுவும் ரகசியம் பேசுகிற மாதிரி. வெளி ஆள் ஒருத்தர் படி ஏறினால் வாய் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் உனக்குச் சொல்லி அனுப்பவில்லை, போனில் நீ கேட்டு அவன் பேசாமல் போய்விட்டால் உன் மனசு இன்னும் உடைந்துவிடுமே என்று பயந்தேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நம் வாடிக்கைக்காரர் இன்ஸ்பெக்டர், கதவில் நுழையும்போது பக்கவாட்டில் திரும்பி நுழைகிற உடம்பு, பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்று புது யூனிபார்முக்கு அளவு கொடுக்க வந்தார். அவசரம் என்றார். நானும் அவசரத்தில் தோளில் ஒரு மடிப்பைப் பொருத்தப் போய், பழைய கை, பழைய வாய், ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டுவிட்டேன். கை நீளம் எடுக்க வேண்டும், அவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் ம்ம் என்கிறேன். என்ன மாஸ்டர் என்கிறார். நான் மறுபடி ம்ம் என்று தாடையால் அவர் கையைக் காட்டுகிறேன். திரும்பணுமா என்று அவர் திரும்பி நின்றார், எனக்கு வேர்த்துவிட்டது. அப்போதுதான் டேபிளுக்கு அடியிலிருந்து உன் பிள்ளை எழுந்து வந்தான். டேப்பு கழுத்தில் தொங்குகிறது, ஒரு நுனி தரையில் இழுபடுகிறது. நேராக இன்ஸ்பெக்டருக்கு முன்னால் போய் நின்றான், தலையைப் பின்னால் சாய்த்து அந்த மலையை அண்ணாந்து பார்த்தான், கை நீட்டு என்றான். எழுத்து எழுத்தாக, தெளிவாக, கை நீட்டு. அம்மாடி, அந்த மனுஷன் பரேடில் நிற்கிற மாதிரி விறைப்பாகக் கையை நீட்டினார்! ஓடிக்கொண்டிருந்த மெஷின் எல்லாம் நின்றது. அத்தோடு முடிந்ததா, என் பக்கம் திரும்பினான், என் வாயைப் பார்த்தான், தன் உள்ளங்கையை விரித்து, மாத்தர், ஊசி எடு என்றான்.

எடுத்தேன் கண்ணு, மறுபேச்சுப் பேசாமல் எடுத்து மணிக்கட்டு மெத்தையில் குத்தினேன், ஆனால் டேப்பைப் பிடித்து அளவு எடுக்கக் கண் தெரியவில்லை. உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், காஜா அக்கா எனக்கு அப்பவே தெரியும் எனக்கு அப்பவே தெரியும் என்று அழுகிறாள், அவளுக்கு என்ன தெரிந்ததோ. பாவம் இன்ஸ்பெக்டர், யாரும் ஒன்றும் சொல்லாததால் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஆர்டர் போட ரெண்டு பேர்தான் இருந்தாங்க மாஸ்டர், மேலதிகாரியும் என் வீட்டுக்காரியும், இப்போ மூணாவது ஆளும் வந்தாச்சு என்று சிரித்தார். அப்புறம் குனிந்து, கையை இறக்கலாமா சார் என்று அவனிடமே அனுமதி கேட்டார். உன் பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, உதட்டை மூடிக்கொண்டு கம்பீரமாக ம்ம் என்றான். இரண்டு பாஷையும் தெரிந்த பிள்ளை என்று நீ கப்பலில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

இதை மாப்பிள்ளைக்கு யார் சொல்வது. நானே போனேன், கழுத்தில் டேப்போடு, முழங்காலாவது மூட்டாவது, ஓட்டமும் நடையுமாகப் போனேன். கடைத்தெருவின் கடைசியில் ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தார். கீழே நின்று பேசிட்டான் மாப்பிள்ளை, வெளி ஆள்கிட்ட, ரெண்டு தடவை, முழுசா என்று கத்தினேன். என்ன சொன்னான் மாமா, என்ன சொன்னான் என்று மேலிருந்து ஒரு கூப்பாடு போட்டார் பார், ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டன, இந்த மனுஷனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது தெருவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். நான் சொன்னேன், அவர் பெல்ட்டில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அம்மா அதற்குள் ஒரு பெட்டி இனிப்போடு அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்க தம்பிதான் பேச வச்சார், பேசாமலேயே பேச வச்சார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாளாம். அந்த அம்மாளும் நல்லவள்தான், உடனே கிளம்பி வந்து பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, தம்பி தலையையும் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகவே நீ இறங்க வேண்டாம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பயணத்தை முடி, பரீட்சை எழுது, சீஃப் ஆகி அந்த இஞ்சினை ஆட்டி வை, அதற்கப்புறம் லீவில் வா, அப்போது நீ பேசுவதற்கு அவன் இடம் கொடுத்தால் அது உன் பாக்கியம், இப்போதே எங்களுக்கு வாய் ஓய்கிறது. ஒரு காரியம் மட்டும் செய். உன் வேலையைச் செய்துகொண்டே உன் குரலைப் பதிவு பண்ணி அனுப்பு, இப்போ அம்மா கதவைத் திறக்கிறேன், உள்ளே சூடா இருக்கு, எண்ணெய் ஊத்தறேன், பெரிய திருகைத் திருகறேன் என்று சின்னச் சின்னதாகச் சொல். தங்கமே ராஜாவே என்று உருகுவதெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம், அவனுக்கு வேலைதான் பிடிக்கிறது, நம் ரத்தம். மாப்பிள்ளை மடியில் உட்கார்ந்து கேட்பான். போனில் வரும்போது அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்று நச்சரிக்காதே, உன் அம்மா மாதிரி நீயே கேட்டு நீயே பதில் சொல்லாதே, அரைகுறையாகச் சொன்னாலும் திருத்தாதே, நீ அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். வேளைக்குச் சாப்பிடு, இஞ்சின் சத்தத்தில் காதுக்கு மாட்டுவதை மாட்டிக்கொள். எந்தக் கடலில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, நீ நினைத்து ஏறின உயரத்துக்கு ஏறியே தீருவாய், பெற்றவர்கள் இரண்டு பேருடைய முழு மனசும் உன் கூடவே வருகிறது.

கடைசியாக ஒரு ஞாபகம். குளிர் பக்கம் போகிறீர்கள் என்றாயே, உனக்கு ஒரு கோட்டு வெட்டியிருக்கிறேன், சாம்பல் நிறம், உள்ளே மெத்தென்று துணி வைத்தது. உடம்பு தைத்தாகிவிட்டது, கைத்துணியை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறேன். பழைய அளவு என்னிடம் இருக்கிறது, இருந்தாலும் கை அளவு எடுக்கிற உரிமை இப்போது கடையில் இன்னொரு மாஸ்டருக்குப் போய்விட்டது. நீ போன் போட்டு முகம் தெரிந்ததும், டேபிள்மேல் ஏறி நின்றுகொண்டு, டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, உன்னைக் கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பான். அந்த நேரத்தில் நீ ஒன்றும் பேசிவிடாதே கண்ணு, அழுகை வந்தாலும் அடக்கிக்கொண்டு காத்திரு. அவன் சொல்வான். சொன்னதும் கையை நீட்டு.

இப்படிக்கு,
வாயில் ஊசி இல்லாத உன் அப்பா